ஒற்றைக்கை நெசவாளர்

தம் முன்னோருள் ஒருவர் பட்டாளத்திலே பணிபுரிந்தவர் என்னும் செய்தி ஒரு குடும்பத்தில் வழங்குமாயின், அச்செய்தி தலைமுறைதோறும் வளர்வதே இயல்பு. மகன் சொல்லும்போது சாதாரணச் சிப்பாயாக இருந்தவர், பேரன் சொல்லும்போது படைத்தலைவராகிறார். கொள்ளுப்பேரன் காலத்தில் அவர் கையிலே வாளும், மார்பிலே பதக்கமும், ஏறிச்செல்லக் குதிரையும் வந்து சேர்கின்றன. ஆனால், அவர் படையிற் சேருமுன் என்ன செய்து சீவித்தார், படையைவிட்டு வந்தபின் எதனைக்கொண்டு பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று கேட்டால் வீட்டிலே விடை இராது. போரை நினைவில் வைத்திருக்கும் குடும்பம் பிழைப்பை மறந்துவிடுகிறது.

பழைய ஏடுகளைத் துருவுவோருக்கு வழிகாட்டுவதோ பெரும்பாலும் அந்த மறந்துபோன பிழைப்புத்தான். இதற்கு ஆங்கிலேயப் போர்வீரர் ஒருவரின் வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டு. அவர் தளபதியல்லர், பிரபுவுமல்லர். நெசவுத் தொழிலைக் கற்றவர், போருக்குச் சென்றவர், ஒரு கையை இழந்து மீண்டு, அவ்வொற்றைக் கையுடனேயே மறுபடியும் தறியில் அமர்ந்தவர். ஷாட்ராக் பைபீல்ட் என்பது அவர் பெயர்.

அவருடைய கதைக்குள் நுழையுமுன், இத்தகையோரைத் தேடும் வழியைச் சிறிது அறிந்துகொள்வது நன்று. இலண்டனின் மேற்குப் புறத்திலே கியூ என்னுமிடத்தில் பிரித்தானியத் தேசிய சுவடிக் காப்பகம் இருக்கிறது. 1760 முதல் 1913 வரை படையினின்றும் விலகிய சாதாரண வீரர்களின் விடுகைப் பத்திரங்கள் அங்கே கட்டுக்கட்டாகப் பேணப்பட்டு வருகின்றன. அவற்றுட் பழையவை பெரும்பாலும் உபகாரச் சம்பளம் பெற்றவர்களுடையவை. ஒவ்வொரு பத்திரத்திலும் வீரனின் பெயர், பிறந்த ஊர், படையிற் சேர்ந்தபோது வயது, சேவை செய்த ஆண்டுகள், விலகியதற்குக் காரணம், உயரம், தலைமயிரின் நிறம், கண்ணின் நிறம், முகத்தின் சாயல் ஆகியன குறிக்கப்பட்டிருக்கும். இவற்றோடு தொழில் என்றும் ஒரு குறிப்பு உண்டு. கூலியாள் என்று எழுதப்பட்டவரே அதிகம். அவர்களுக்கு அடுத்தபடியாக நெசவாளர், சப்பாத்துத் தைப்போர், தையற்காரர், கொல்லர் எனப் பலதிறக் கைத்தொழிலாளரும் அங்கே நிரம்பியிருப்பர்.

எழுதுவினைஞருக்குச் சரித்திரத்தில் அக்கறை இருந்தது என்று எவரும் மயங்க வேண்டியதில்லை. இறந்த வீரனின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவன் வந்து சம்பளம் வாங்கிச் சென்றுவிடலாகாது என்பதே அவருடைய கவலை. கண்ணின் நிறத்தையும் மூக்கின் தழும்பையும் எழுதி வைத்தது அதற்காகவே. காசைக் காப்பதற்காக எழுதப்பட்ட இத்தகைய கணக்கு, புகழுக்காகச் சொல்லப்பட்ட கதையிலும் நம்பத்தக்கது. நம் நாட்டிலே காணித் தோம்புகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதனை எளிதில் ஒப்புவர். வரி வாங்குவதற்காக எழுதப்பட்ட அவ்வேடுகளிலேதான் எத்தனையோ குடும்பங்களின் வேர் மறைந்து கிடக்கிறது.

பைபீல்ட் 1789ஆம் ஆண்டிலே வில்ட்ஷயர் மாகாணத்தில், ஏவன் ஆற்றங்கரையிலுள்ள பிராட்போர்ட் என்னும் பட்டினத்தை அடுத்த வுலி என்ற சிற்றூரிலே பிறந்தார். தேடுவோர் இங்கேயே வழுக்கி விழக்கூடும். இங்கிலாந்தின் வடக்கே யோர்க்ஷயரிலும் பிராட்போர்ட் என்று ஓர் ஊர் உண்டு. அதுவும் கம்பளி நெசவுக்குப் பேர்போனது. ‘பிராட்போர்ட், நெசவாளர்’ என்னும் இரு சொற்களை மட்டும் நம்பிப் புறப்படுபவர் நூற்றைம்பது மைலுக்கு அப்பால், தமக்கு எவ்வித உறவுமில்லாத குடும்பத்தின் கல்லறையில் மலர் வைத்துவிட்டு வருவார்.

பெயரும் அத்தகையதே. எழுதுவினைஞர் காதில் விழுந்தவாறு எழுதினமையால் பைபீல்ட் என்பது ஓரிடத்தில் பேபீல்ட் என்றும் காணப்படும். நல்ல வேளையாக முதற்பெயர் அரிய பெயர். தானியேல் ஆகமத்திலே அக்கினிச் சூளையில் எறியப்பட்டும் தீங்கின்றி வெளிவந்த மூவருள் ஒருவராகிய சாத்ராக்கின் பெயரையே ஆங்கில முறைப்படி அவருக்கு இட்டிருந்தனர். ஜோன் ஸ்மித் என்ற பெயருடைய மூதாதையைத் தேடுவோர் படும் பாட்டோடு ஒப்பிட்டால், இஃது ஒரு பெரும் பாக்கியமே.

அக்காலத்து வில்ட்ஷயர் நெசவாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே நெய்யப்பட்ட மெல்லிய கம்பளித் துணி ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றிருந்தது. ஆனால் இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன. 1791இலே, பைபீல்ட் தவழ்ந்து நடைபழகும் பருவத்தில், கம்பளி மயிரைச் சிக்கெடுக்கும் புதிய பொறி ஒன்றை எதிர்த்துப் பிராட்போர்ட்டிலே மக்கள் திரண்டனர். அவர்கள்மீது சுட்டதில் உயிர்கள் மாண்டன. இறுதியில் அப்பொறியைப் பறித்து, ஊர்ப் பாலத்தின்மேல் வைத்துக் கொளுத்தினர். பொறியைக் கொளுத்தலாம், வருங்காலத்தைக் கொளுத்த முடியுமா? கைத்தறியை நம்பி வளர்ந்த இளைஞருக்குப் பட்டாளத்தின் முரசு இனிமையாக ஒலித்ததில் வியப்பில்லை.

தறி வேலை பழகிய பைபீல்ட் 1807இலே வில்ட்ஷயர் உள்நாட்டுக் காவற்படையிற் சேர்ந்தார். அப்போது வயது பதினெட்டு. அவருடைய தமையன்மார் முன்னரே படைக்குச் சென்றிருந்தனர். இவரும் சேர்ந்துவிட்டார் என்று கேட்ட தாயார் பேச்சிழந்து வீழ்ந்து, விரைவிலேயே மரித்துப்போனார் என்று பைபீல்ட் பிற்காலத்தில் எழுதி வைத்தார். இது விடுகைப் பத்திரத்தில் இராத செய்தி. படைக் கணக்கில் அன்றைக்கு ஓர் ஆள் கூடியது. வீட்டுக் கணக்கில் இரண்டு பேர் குறைந்தனர்.

1809இலே அவர் 41ஆம் காலாட்படைப் பிரிவுக்கு மாறி, கடல் கடந்து கனடா சென்றார். பிரித்தானியாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே 1812இல் மூண்ட போர் அவரை அங்கே சந்தித்தது. அப்போரின் வரலாற்றை விரித்துரைக்க இங்கே தேவையில்லை. 1812 ஆகஸ்டில் டெட்ரோயிட் கோட்டை சரணடைந்தபோது அங்கே நின்றார். 1813 ஜனவரியில் பிரெஞ்சுடவுனில் நடந்த சண்டையில் காயமுற்றார். அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, தேம்ஸ் ஆற்றங்கரையிலே, செவ்விந்தியரின் பெருந்தலைவராகிய தெக்கும்சே வீழ்ந்த களத்தில் 41ஆம் பிரிவினருட் பெரும்பாலோர் சிறைப்பட, இவர் காட்டுக்குள் ஓடித் தப்பினார். 1814 ஜூலையில் லண்டிஸ் லேன் என்னும் கடும்போரிலும் கலந்துகொண்டார். இத்தனையிலும் பிழைத்தவருக்கு, சரித்திர நூல்கள் ஓரிரு வரிகளிற் சொல்லிக் கடந்துவிடும் ஒரு சிறு சண்டையிலே விதி காத்திருந்தது.

1814 ஆகஸ்ட் 3ஆம் நாள். நயாகரா ஆற்றைக் கடந்து சென்று எதிரியின் களஞ்சியங்களை அழிக்குமாறு ஒரு படை இரவோடிரவாக அனுப்பப்பட்டது. கொன்ஜொக்ரா என்னும் ஓடையை அடைந்தபோது பாலத்தின் பலகைகள் அகற்றப்பட்டிருந்தன. அக்கரையில் மறைந்திருந்த அமெரிக்கத் துவக்குக்காரர் குறிதவறாமற் சுட்டனர். பைபீல்டின் இடக்கையிலே குண்டு பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கை வெட்டப்பட்டது. நோவுணராமற் செய்யும் மருந்து எதுவும் அறியப்படாத காலம் அது. கண்ணைக் கட்டவும் பிடித்துக்கொள்ளவும் முயன்றவர்களிடம், அதற்குத் தேவையில்லை என்று அவர் சொன்னாராம்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் விசித்திரமானது. வெட்டிய கையைப் பணியாள் ஒருவன் குப்பைமேட்டில் எறிந்துவிட்டான் என்று கேள்வியுற்றபோது, வெட்டும்போது அடக்கியிருந்த கோபம் பொங்கி எழுந்தது. அவனைப் போய்ப் பிடித்து, தம் கையைத் தாமே மீட்டெடுத்தார். சில பலகைத் துண்டுகளை ஆணியடித்துச் சிறியதொரு பெட்டி செய்வித்து, அதனுள் கையை வைத்துக் கோட்டை அரணிலே அடக்கம் செய்தார். தாம் பிறந்த நாள் முதல் தம்முடன் இருந்த ஒன்றை நாய்க்கும் பன்றிக்கும் விடுவதற்கு அவர் மனம் இசையவில்லை. நெசவாளர் ஒருவருக்கு இடக்கை என்பது பாதிச் சொத்து என்பதையும் இங்கே மறக்கலாகாது.

பழைய போர்களில் நின்றவர்களுக்குப் பிரித்தானிய அரசு 1847, 1848ஆம் ஆண்டளவில் பதக்கம் வழங்கியது. அதுவும் அந்நாளில் உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்கே. இந்த அமெரிக்கப் போருக்கென்று டெட்ரோயிட் கோட்டை, சற்றோகே, கிறைஸ்லர் பண்ணை என்னும் மூன்று இடங்களின் பெயர்கள் மட்டுமே அப்பதக்கத்திற் பொறிக்கப்பட்டன. கொன்ஜொக்ராவுக்கு அங்கே இடமில்லை. பதக்கத்தை மாத்திரம் பார்த்து மூதாதையின் கதையைக் கட்டுபவர், அவர் கையை எங்கே இழந்தார் என்பதை ஒருநாளும் கண்டறியார்.

தாயகம் மீண்ட பைபீல்ட், செல்சி அரச மருத்துவமனையின் அதிகாரிகள் முன் நிறுத்தப்பட்டார். ஊனமுற்ற வீரர்களுக்குச் சம்பளம் தீர்மானிப்பவர்கள் அவர்களே. நாளொன்றுக்கு ஒன்பது பென்ஸ் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பென்ஸ் சேர்ந்தாலே ஒரு சில்லிங். அதனிலும் முக்காற் பங்குதான் கிடைத்தது. வயது குறைவாகையால் இதற்கு மேல் தருவதற்கில்லை என்று காரணமும் சொல்லப்பட்டது. இளமையிலே கையை இழந்தவன் நெடுங்காலம் கையின்றி வாழ வேண்டியவன் அல்லவா? அதிகாரிகளின் கணக்கோ, நெடுங்காலம் பணம் கொடுக்க வேண்டுமே என்பது.

ஊருக்கு வந்தவருக்குத் தம் பழைய தொழிலைச் செய்ய வழியில்லை. கைத்தறியில் அமர்பவர் ஒரு கையால் நாடாவை ஓட்டும் கயிற்றைச் சுண்டுகிறார். மறு கையால் அச்சுப் பலகையை இழுத்து, பாவின் ஊடே சென்ற ஊடையை நெருக்குகிறார். இரு கால்களும் மிதிகளை மாறி மாறி மிதிக்கின்றன. கால்கள் இருந்தன, பழகிய கண் இருந்தது, ஒரு கை இல்லை. ஆண்டுகள் சில இவ்வாறு கழிந்தபின், ஓரிரவு தறியில் வேலை செய்வதாகக் கனவு கண்டார். விழித்து மனைவியை எழுப்பி, தம்மால் நெய்ய முடியும் என்றார். ஒற்றைக்கை மனிதன் நெய்ததாக உலகில் யாரும் கேள்விப்பட்டதில்லை, பேசாமற் படுத்துத் தூங்குங்கள் என்பது அம்மையாரின் மறுமொழி. படுத்தார், அதே கருவி மறுபடியும் கனவில் தோன்றியது. பொழுது விடிந்ததும் கொல்லரிடம் சென்று, சாளரக் கதவிலே சுண்ணக்கட்டியால் அதன் உருவத்தை வரைந்து காட்டினார். கொல்லர் தயங்கித் தயங்கிச் செய்து கொடுத்தார். சிறியதொரு திருத்தம் மட்டுமே பின்னர் வேண்டியிருந்தது. முழங்கைக்குக் கீழே எஞ்சியிருந்த துண்டுக் கை அவ்விரும்புக் கருவியின் துணையால் மறுபடியும் கையாயிற்று.

கனவிலே வந்தது என்று அவர் கூறியதை நம்பலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பகலெல்லாம் ஒன்றையே எண்ணிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு இரவிலே விடை தோன்றுவது அருமையன்று. தறியின் ஒவ்வோர் அசைவும் உடம்பில் ஊறியிருந்தமையால்தான் எவ்வசைவுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்பது அவருக்குப் புலப்பட்டது. மருத்துவரோ பொறியியலாளரோ செய்யாததை ஒரு நெசவாளரும் ஒரு கொல்லரும் செய்து முடித்தனர்.

1836இலே அவருடைய உபகாரச் சம்பளம் சற்றே உயர்ந்தது. தீபகற்பப் போரின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் நேப்பியர் அதற்குத் துணைநின்றார். 1840இலே பைபீல்ட் தம் போர் அனுபவங்களை ஒரு சிறு நூலாகப் பிராட்போர்ட்டில் வெளியிட்டார். சாதாரணச் சிப்பாய் ஒருவர் அப்போரைப்பற்றி எழுதிய நூல்கள் மிக அரியவை. ஆதலால் கனடாவிலும் அமெரிக்காவிலும் வரலாற்றாசிரியர்கள் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். அந்நூல், கருவியின் உதவியால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தறி நெய்து மனைவி மக்களை நன்றாகக் காப்பாற்றி வருவதாகச் சொல்லி முடிகிறது. படிப்பவர் மனம் நிறைவுடன் நூலை மூடி வைப்பர். குடும்பத்தார் என்றால் அதற்குமேல் தேடவும் மாட்டார்கள்.

ஆனால் ஈமன் ஓகீப் என்னும் வரலாற்றாசிரியர் மேலும் தேடினார். அமெரிக்காவிலே ஒகாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், வெஸ்டர்ன் றிசேர்வ் வரலாற்றுச் சங்கத்தின் நூலகத்தில், பைபீல்ட் எழுதிய இன்னொரு நூல் இருப்பதை அவர் கண்டறிந்தார். 1851இலே இலண்டனில் அச்சான அந்நூலின் அறியப்பட்ட பிரதி அது ஒன்றே. அவருடைய ஆய்வு 2025இலே வெளியாயிற்று.

இரண்டாம் நூலில் வரும் பைபீல்ட் வேறொரு மனிதரைப்போலத் தோன்றுகிறார். முன்னைய நூலிலே கடமை தவறாத வீரர். பின்னையதிலே பாவம் செய்து திருந்திய பக்தர். படையில் இருந்த காலத்திலே கொள்ளையிடச் சென்றதையும் அதில் ஒளிக்கவில்லை. நல்ல தோளிலும் வாதநோய் பற்றி, கையைத் தலைமட்டும் உயர்த்த முடியாமல் மூன்று ஆண்டுகளளவு வருந்தியதையும், கடன்பட்டு அல்லற்பட்டதையும் கூறுகிறார். இருபது ஆண்டு நல்வாழ்வு என்று முன்னர் எழுதியதன் மறுபக்கம் இது.

எந்த நூல் உண்மை என்று கேட்பது பொருத்தமன்று. 1840இல் அவர் கண்முன் இருந்தவர்கள், உதவி செய்யக்கூடிய கனவான்கள். அரசுக்கு உழைத்த ஒழுக்கமான வீரன், சோம்பியிராது உழைத்துப் பிழைப்பவன் என்று காட்டினாற்றான் அவர்கள் கை நீட்டுவர். 1851இல் அவர் கண்முன் இருந்தவர்கள், தம் சபையைச் சேர்ந்த பக்தர்கள். துன்பத்தையும் பாவத்தையும் மறைத்தால் அவர்களுக்கு அச்சாட்சியம் சுவைக்காது. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே எழுதியதையும்கூட, யாருக்காக எழுதினார் என்று கேட்டே ஏற்க வேண்டியிருக்கிறது. இரு நூல்களிலும் மாறாமல் நிற்பவை வெட்டுண்ட கையும் நெசவுத் தொழிலுமே.

நெசவுத் தொழிலும் அதற்குள் நலிந்துவிட்டது. பிராட்போர்ட்டின் துணி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1848இலே ஸ்டீபன் மோல்டன் என்பவர், வெறுமையாகக் கிடந்த ஆலை ஒன்றை வாங்கி இறப்பர்த் தொழிற்சாலை ஆக்கினார். முதியவராகிய பைபீல்ட் வேறு பிழைப்புத் தேடி, குளொஸ்டர்ஷயரிலுள்ள ஹோக்ஸ்பரி அப்டன் என்னும் கிராமத்துக்குப் போனார். அங்கே 1846இலே, சோமர்செட் பிரபுவாகிய ஒரு தளபதியின் நினைவாக உயர்ந்த கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. அதனைக் காக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. தளபதிக்குக் கோபுரம், சிப்பாய்க்கு அக்கோபுரத்தின் வாயிலில் காவல்.

அதுவும் நிலைக்கவில்லை. 1850களில் அவ்வூர்ப் பாப்டிஸ்ட் சிற்றாலயத்தை யார் நிருவகிப்பது என்று பெரும் பூசல் எழுந்து கைகலப்பாக முற்றியது. பைபீல்ட் தம் இரும்புக் கொக்கியால் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் முகத்தைக் கிழித்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. கோபுரக் காவல் வேலையும் போயிற்று. வீட்டுப் படத்தில் மாலையிட்டு வைக்கும் மூதாதைக்கு இத்தகைய செய்தி அழகு சேர்க்காது என்று குடும்பத்தார் எண்ணுவர். குப்பைமேட்டிலிருந்து தம் கையை மீட்டெடுத்த அதே மனிதரின் அதே சினம்தான் இங்கும் தெரிகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட முடியாது.

தேடுவோர்க்கு இத்தகைய பூசல் ஒரு வகையில் உதவியும் ஆகும். ஒழுங்காக வாழ்ந்தவரைப்பற்றிப் பத்திரிகை எழுதாது. வழக்கு மன்றமும் எழுதாது. ஆகவே, ஊர்ப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டும். 1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட குடிசன மதிப்பின் வீட்டு அட்டவணைகளையும் பார்க்க வேண்டும். அவற்றிலும் தொழிலைக் குறிக்கும் நிரல் உண்டு. 1851 முதல் பிறந்த ஊரும் உண்டு. படைப் பத்திரத்தில் நெசவாளராக இருந்தவர், பிந்திய அட்டவணையிலே கூலியாளாகவோ, செல்சி உபகாரச் சம்பளக்காரராகவோ மாறியிருப்பதைக் காணலாம். ஒரு மனிதரின் ஏற்றமும் இறக்கமும் அந்த ஒரு நிரலிலேயே தெரிந்துவிடும். 1837 ஜூலை முதல் மரணங்கள் அரசாங்கத்தாற் பதியப்பட்டன. ஆதலின், இறப்பிலிருந்து தொடங்கிப் பிறப்பை நோக்கிப் பின்னே செல்வதே சிறந்த முறை. பிறப்பிலிருந்து தொடங்குவோர் அதே பெயருள்ள வேறொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதுண்டு. பாப்டிஸ்ட் குடும்பமாயின் இன்னும் சிக்கல்: அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆதலால் ஆங்கிலத் திருச்சபையின் பதிவேட்டிலே அக்குழந்தைகளின் பெயர் இராது. அத்தகைய சபைகள் தனியே வைத்திருந்த பழைய பதிவேடுகளுட் பெரும்பாலானவை இப்போது கியூ காப்பகத்தில் இருக்கின்றன.

பைபீல்ட் மறுபடியும் பிராட்போர்ட்டுக்கே திரும்பினார். சம்பளத்தை உயர்த்துமாறு முதுமையிலும் விண்ணப்பம் எழுதிக்கொண்டேயிருந்தார். 1874 ஜனவரியில், எண்பத்து நான்காம் வயதில் காலமானார். முதுமை அடையமாட்டார் என்பதுபோல ஒன்பது பென்ஸ் நிருணயித்த அதிகாரிகள் அனைவரும் அதற்குள் மறைந்திருந்தனர். அவரோ, வலக்கையாலே அச்சம்பளத்தைப் பெறத் தொடங்கி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.